எல்லாம் நலம் என்றது மறுகுரல்

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட வைரஸ்களிலும் இனிமேல் எழுதப்படப்போகும் வைரஸ்களிலும் இசக்கிராஜன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடியது ஒன்றுகூடக் கிடையாது.

இதை அறிவித்தவன் இசக்கிராஜன். எங்கள் கல்லூரியின் கணினிப் பாதுகாப்பு மன்றத் தலைவர் என்ற முறையில், தானே வடிவமைத்துத் தானே நடுவில் நிற்கிற ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று, சிரிக்காமல் அறிவித்தான். கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. அதாவது, நாற்காலிகளில் போன்கள் நிறைந்திருந்தன. போன்களின் சொந்தக்காரர்கள் கேன்டீனில் இருந்தார்கள். பேச்சில் இடைவெளி விழுந்த இடங்களில் எல்லாம் போன்கள் கை தட்டின. வருகைப் பதிவு எடுத்தபோது "உள்ளேன் மேடம்" என்றன.

மறுகுரல் இல்லாத ஆள் இன்றைக்கு யாரும் இல்லை. இருந்தாலும் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. போனுக்குள் இருந்துகொண்டு நம் குரலிலேயே, நம் மாதிரியே பேசி, நமக்கு வருகிற அழைப்புகளுக்கு நம் சார்பில் பதில் சொல்கிற ஏற்பாடுதான் அது. துக்கம் விசாரிக்கும், பெண் வீட்டாரிடம் ஜாதகம் கேட்கும், பேராசிரியரிடம் வயிற்றுவலி என்று சொல்லும். நாம் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளும். கொஞ்ச நாளில் நம்மைவிட நன்றாகப் பேசும்.

"வைரஸ்ல மாட்டுறவன் மாட்டணும்னு ஆசைப்பட்டு மாட்டுறான்," என்றான் இசக்கிராஜன் மேடையில். "தெரியாத ஃபைலத் தொறக்காத. அப்டேட்ட, அந்த ஆப்ப செஞ்ச கம்பெனிகிட்ட மட்டும் வாங்கு, சித்தப்பா அனுப்புன லிங்க்ல வாங்காத. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி போடாத. முக்கியமானத ஒரு காப்பி எடுத்து, எதுலயும் இணைக்காத இடத்துல வை. ஒரு ஆப் உன் வீட்டுச் சாவியக் கேட்டா, எதுக்குன்னு திருப்பிக் கேளு. இவ்வளவுதான். இதுக்கு எதுக்கு பயம்?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. அதுதான் இதில் வேதனையான விஷயம்.

பிறகு நகைச்சுவைப் பகுதிக்கு வந்தான். "நம்ம ஊர்ல இன்னும் சில பேரு மிஸ்டு கால் குடுக்காங்க. ஒரு ரிங் விட்டுட்டு கட் பண்ணுவாங்க. கதவத் தட்டிட்டு ஓடிப்போற சின்னப் புள்ளைக மாதிரி. அதுல என்ன தகவல் இருக்கு? ஒண்ணும் கிடையாது. சுத்த பூஜ்யம். மனுஷன் பேசக் கத்துக்கிட்டது எதுக்கு?"

போன்கள் சிரித்தன.

அவன் யாரைச் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். நான் மைதீன், அவனுடைய அறைத்தோழன். அவன் அம்மா பேச்சியம்மாள் கழுகுமலையில் தனியாக இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டதால், வீட்டிலேயே ஒரு டயாலிசிஸ் மிஷின் வைத்து, சாயங்காலம் விளக்குப் பொருத்தியதும் தானே குழாயை மாட்டிக்கொண்டு படுப்பார். அந்த மிஷினை ஓட்டுவது இசக்கிராஜன் வாங்கிக் கொடுத்த பெரிய போன். அது போக, அவரிடம் ஒரு பழைய பட்டன் போனும் உண்டு. அதிலிருந்து மகனுக்கு மிஸ்டு கால் மட்டும் கொடுப்பார். அவன் திருப்பிக் கூப்பிட வேண்டும். அவனுக்கு அது தொந்தரவாக இருந்ததால் அந்த எண்ணைத் தடை செய்துவிட்டு, பெரிய போனில் அம்மாவிடம் பேசும் பொறுப்பைத் தன் மறுகுரலிடம் ஒப்படைத்திருந்தான்.

"குடும்ப விஷயம் எல்லாத்துக்கும் அனுமதி குடுத்துட்டேன் மாப்ள," என்று ஒருமுறை சொன்னான். "அம்மா ஹேப்பி. நானும் ஹேப்பி."

கூட்டம் முடிந்து சமோசா வந்தபோது பிரிசில்லா மேடம் வந்தார். கணினி ஆய்வகப் பொறுப்பாளர். எப்போதும் ஓடாதவர், அன்றைக்கு ஓடி வந்தார்.

"எல்லாரும் மறுகுரல அணைங்க. இப்பவே. யாருக்காவது காதணி விழா பத்திரிகை வந்துச்சா?"

"யாரு வீட்டுக் காதணி விழா மேடம்?" என்று கேட்டேன்.

"அதான் பிரச்சன. யாரு வீடுன்னே இருக்காது. 'எங்கள் இல்லக் காதணி விழா, அவசியம் வரவும், பத்திரிகையைத் திறக்கவும்'னு இருக்கும். தெக்க முழுக்க எல்லாரும் தொறந்திருக்காங்க. யாருன்னு தெரியலேன்னாலும் தொறக்காம விட்டா மரியாதை இல்லன்னு. நாளைக்கு எதிர்ல பாத்தா என்ன சொல்றதுன்னு."

இசக்கிராஜன் புன்னகைத்தான். "நான் சொல்லல?" என்றான். "ஆசைப்பட்டு மாட்டுறாங்க."

"சிரிக்காதப்பா. மத்த வைரஸ் மாதிரி இல்ல இது. வேலையக் காட்டுறதுக்கு முன்னாடி மறுகுரலப் பிடிச்சிக்குது. யாரு கூப்பிட்டாலும் போனுக்குச் சொந்தக்காரரோட குரல்லயே 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொல்லுது. சந்தேகம் வந்தாத்தானே மிஷின அணைப்பாங்க? அணைச்சா அது செத்துடும். அதனால யாருக்கும் சந்தேகம் வராமப் பாத்துக்குது. பின்னாடி அந்த போன்ல இணைச்சிருக்கிற எல்லாத்தோட செட்டிங்கையும் அழிக்குது. மோட்டாரு, கேஸு, ஆஸ்பத்திரி சாமான் எல்லாம். அலாரத்தையும் சேத்து."

சமோசாவை மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். ஆஸ்பத்திரி சாமான் என்ற சொல் அவன் காதில் விழுந்த நேரம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எங்க வீட்ல நான் எதையும் தொறக்கல," என்றான்.

"நீ தொறக்கலப்பா. உன் மறுகுரலுக்கு என்ன அனுமதி குடுத்திருக்க?"

அவன் போனைத் திறந்து பார்த்தான். அவன் மறுகுரல் பத்திரிகையைத் திறந்திருந்தது. விழாவுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. "நம்ம சொந்தம்தாம்மா, தொறந்து பாரு" என்று அவன் குரலில் சொல்லி அம்மாவுக்கும் அனுப்பியிருந்தது. அம்மா திறந்திருந்தார். மகன் சொல்லித் திறக்காமல் இருப்பாரா?

அவன் தன் மறுகுரலை அழித்தான்.

"பிரயோஜனம் இல்ல," என்றார் மேடம் மெதுவாக. "அதோட நகல் இப்ப அங்க இருக்கு. அம்மா போன்ல. நீ தேவையே இல்ல அதுக்கு. அம்மா எப்ப மிஷின மாட்டுவாங்க?"

"வெளக்குப் பொருத்தினதும்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாக இருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் கல்லூரியிலிருந்து கழுகுமலைக்குப் பஸ் மாறி மாறிப் போனால் விடிந்துவிடும்.

"ஒரு நாள் மாட்டாம இருந்தா தாங்குவாங்க," என்றார் மேடம். "தப்பா ஓடுற மிஷின்ல மாட்டினாத்தான் ஆபத்து. மாட்டாம மட்டும் பாத்துக்க."

பெரிய போனுக்குக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏய்யா ராசா," என்றது அம்மாவின் குரல். "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?"

"யம்மா, மிஷின மாட்டாத. கேக்கியா? அதுல வைரஸ் இருக்கு."

"சரிய்யா. மாட்டல. நீ ஒண்ணும் கவலப்படாத. எல்லாம் நல்லா இருக்கு."

அவன் மூச்சு விட்டான். மேடம் இல்லை என்று தலையை ஆட்டினார். "அம்மா எப்பவாவது ஏன், எதுக்குன்னு கேக்காம எதையாவது ஒத்துக்கிட்டிருக்காங்களா?"

இசக்கிராஜன் முகம் சுண்டிப்போனது. மறுபடியும் பேசினான். "யம்மா, நான் மிஷின ஒடச்சிப் போடச் சொன்னா என்ன பண்ணுவ?"

"ஒடச்சிருதேன்ய்யா. நீ சொன்னா சரிதான். எல்லாம் நல்லா இருக்கு."

அழைப்பைத் துண்டித்தான். அம்மாவிடம் எவ்வளவோ நாளாக எதிர்பார்த்த கீழ்ப்படிதல் அது.

பக்கத்து வீட்டு வேலம்மாச் சித்திக்குப் போட்டோம். "இப்பத்தான் ஒங்கம்மாவப் பாத்துட்டு வாரேன், நல்லா இருக்காக," என்றார். எதிர் வீட்டு டெய்லர் அண்ணாச்சி, "இப்பத்தான் பாத்துட்டு வாரேன், நல்லா இருக்காக," என்றார். அதே மூச்சு, அதே இடத்தில் அதே இழுப்பு. தெரு முழுக்கக் காதணி விழாவுக்குப் போய்விட்டிருந்தது.

காவல் நிலையத்துக்கும் போட்டோம். "உங்கள் புகார் கவனத்தில் கொள்ளப்பட்டது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்," என்றது ஒரு குரல். அது வைரஸ்தானா என்று எங்களால் கடைசிவரை உறுதி செய்ய முடியவில்லை.

"பட்டன் போன்," என்றேன் நான். "அதுல மறுகுரல் கிடையாதே?"

"அத எடுக்க மாட்டா மாப்ள. ரிங் வந்தா கட் ஆகுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பா. காசு போயிருமாம். வர்ற காலுக்குக் காசு போகாதுன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்." சொல்லிக்கொண்டே அந்த எண்ணின் தடையை நீக்கினான். எண் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது.

நெடுநேரம் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். இந்த முறை எடுத்தார்.

"யாரு?"

அதுதான் அம்மா. எரிச்சலும் சந்தேகமுமாக, உண்மையான ஒரு மனுஷியின் குரல். இசக்கிராஜன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"யம்மா, நாந்தான். மிஷின மாட்டிட்டியா?"

"இப்பத்தான் வெளக்குப் பொருத்துனேன். குழாயக் கழுவிட்டிருக்கேன். நீ யாரு?"

"இசக்கிம்மா."

"இசக்கி இந்தா பெரிய போன்ல பேசிக்கிட்டு இருக்கானே."

பின்னால் கேட்டது. தெளிவாக, நிதானமாக, இசக்கிராஜனின் குரல். "யார்ம்மா அது? முட்டுவலி எப்படி இருக்கு? தைலம் தேச்சியா? மிஷின மாட்டிட்டுப் படு, எல்லாம் சரியா இருக்கு."

"யம்மா, அது நான் இல்ல," என்று கத்தினான் இவன். "அது வைரஸு. அதத் தொடாத."

"அம்மா, யாரோ நம்மள ஏமாத்தப் பாக்காங்க," என்றது அது, கத்தாமல். "இந்த மாதிரி போன் வந்தா உடனே வச்சிரணும்."

அது அவன் மேடையில் சொல்லக்கூடிய வாசகம்தான். அவனிடமே படித்தது.

"ரெண்டும் ஒரே குரலா இருக்கே," என்றார் அம்மா. முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

"எதாவது கேளு. எனக்கு மட்டும் தெரிஞ்சத கேளு."

அம்மா யோசித்தார். "ஒனக்கு மஞ்சக்காமால வந்துச்சே, எந்த ஊரு வைத்தியருட்ட தூக்கிட்டுப் போனேன்?"

இசக்கிராஜனுக்கு அது தெரியாது. அப்போது அவன் கைக்குழந்தை. பெரிய போன் உடனே சொன்னது. "நாலாட்டின்புதூரும்மா. போற வழியில மழ. முந்தானையில மூடிக்கிட்டுப் போனேன்னு சொன்னியே."

அம்மா அதை அவனிடம் சொல்லியிருக்கிறார். மாலை மாலையாகச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தது அவன் இல்லை.

"அவனுக்குத் தெரியுது," என்றார் அம்மா.

"யம்மா, சத்தியமா..."

"அவன் தெனமும் முட்டுவலியக் கேக்கான். கத்த மாட்டான். நீ வந்ததுலேர்ந்து கத்துத. எம்மவன் எங்கிட்ட கத்துவான்தான், ஆனா அது முந்தி. நான் எதய்யா நம்ப?"

இவன் எதைச் சொன்னாலும் அதே குரலில் அங்கே ஒருவன் அதைவிட அழகாகச் சொல்லிவிடுவான்.

"ரெண்டு பேரும் பேச்ச நிறுத்துங்க," என்றார் பேச்சியம்மாள். "எம்மவன்னா எப்படிக் கூப்பிடுவான்னு எனக்குத் தெரியும்." வைத்துவிட்டார்.

மறுபடி போட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

வெளியே மைதானத்தின் விளக்குகள் எரியத் தொடங்கின. பிரிசில்லா மேடம் யாரிடமோ, ஆம்புலன்ஸ் எண்ணாக இருக்க வேண்டும், நீங்கள் மனுஷனா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இசக்கிராஜனைப் பார்த்தேன். அவன் நடைபாதைத் தரையில் உட்கார்ந்திருந்தான். கருத்தரங்க அறைக் கதவு வழியே, ஃப்ளெக்ஸில் இருந்தவன் கையைக் கட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தான்.

"மறுகுரல் பேச்சுல இருந்துதானே கத்துக்கும்?" என்று கேட்டான் திடீரென்று. என்னைக் கேட்டானா, தன்னையே கேட்டுக்கொண்டானா, தெரியவில்லை.

"ஆமா."

"பேசாததக் கத்துக்காது."

பட்டன் போனுக்குப் போட்டான். ஒரு ரிங். துண்டித்தான். சற்றுக் காத்திருந்தான். மறுபடி போட்டான். இரண்டு ரிங். துண்டித்தான். போனைத் தரையில் வைத்து, தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஞாபகம் வந்தது. முதலாண்டில் விடுதிக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் இதைச் செய்திருக்கிறோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு ரிங். அறைக்குள் வந்து பெட்டியை வைத்ததும் இரண்டு ரிங். எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. வந்து சேர்ந்தேன் என்று அர்த்தம். மறுகுரல் வந்த பிறகு விட்டுவிட்டோம். அது வாய் நிறையப் பேசுகிறது, இது எதற்கு?

போன் சும்மா கிடந்தது. கழுகுமலையில் ஒரு அம்மா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாரா, மாட்டிவிட்டாரா என்பது எங்களுக்குத் தெரியாது. நான் ஓதத் தெரிந்ததை எல்லாம் மனதுக்குள் ஓதினேன்.

போன் அடித்தது. பட்டன் போனின் எண். நான் கையை நீட்டினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான். ஒரு ரிங்கில் நின்றது.

இப்போது அவன் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுய்யா," என்றார் அம்மா.

"மாட்டிட்டியா?"

"மாட்டல. நீ வந்து சேந்துட்டியான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்." குரல் உடைந்திருந்தது. "எவ்வளவு நாளாச்சுடா நீ வந்து சேந்து."

இசக்கிராஜன் மெதுவாகப் பேசினான். ஒருமுறைகூடக் கத்தவில்லை. மிஷினின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னான். விடிந்ததும் தான் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். வேலம்மாச் சித்தி வீட்டுக் கதவைத் தட்டி, போனில் இல்லாமல் நேரில் சொல்லச் சொன்னான். கடைசியில், "அந்தப் பெரிய போனத் தண்ணித் தொட்டியில போட்ரும்மா. பட்டன் அமுக்கினாலும் அணையாது, அதான்," என்றான்.

பின்னால் அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. கால்ல வீக்கம் இருக்கான்னு பாத்தியாம்மா, என்று கேட்டது.

"அதுல நீ பேசிக்கிட்டு இருக்கியேய்யா," என்றார் அம்மா. "எப்படிப் போட?"

"அது நான் இல்லம்மா."

"தெரியுது. தெரிஞ்சதாலதான் ஒங்கிட்ட கேக்கேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அம்மா, "சரி, வைய்யி. முடிஞ்சா ஒரு ரிங் விடுதேன்," என்றார். அழைப்பு நின்றது.

போட்டாரா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். மேடம் வந்து கேட்டார், தெரியாது என்றோம். அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். விடுதிச் சாப்பாட்டு மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஊருக்குப் போகிற அடுத்த பஸ்ஸைப் பிடிக்க இசக்கிராஜன் பையைக்கூட எடுக்காமல் எழுந்தபோது, அவன் கையில் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது.

திரையைப் பார்த்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

என்ன சொல்றாங்க, என்று மேடம் கேட்டார்.

அவன் எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அந்த எண்ணுக்குப் போட்டு, ஒரு ரிங் போனதும் கட் பண்ணினான்.